ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது செய்யக் கூடாதவை

பக்கத்து ஊர் இளைஞர்கள் குடிநீருக்காக ஆர்ப்பாட்டம் அறிவித்திருக்கிறார்கள். அனுமதி கேட்டாச்சா என்றேன். "ஸ்டேஷன்ல சொல்லிட்டோம் அண்ணே" என்றார்கள். 12 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

கையில் காகிதம் இல்லாமல் திரும்பி வருவது

அன்று தாலுகா அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்த மனு கொடுத்தோம். வாங்கி மேசையில் வைத்தவர், "பார்த்துக்கலாம், போங்க" என்றார். நகலில் சீல் வாங்கத் தோன்றவில்லை. முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு போன்: அனுமதி கிடையாது. அதற்குள் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. காலையில் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து நின்றார்கள். எல்லோரையும் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டார்கள். வழக்கும் பதிவானது. கூட வந்த ஒரு பையனின் பாஸ்போர்ட் விசாரணையில் அந்த வழக்குதான் குறுக்கே நின்றது. மனு கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று வக்கீல் கேட்டார். என்னிடம் இருந்தது சீல் இல்லாத ஜெராக்ஸ். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டுமென்றால், கேட்டதும் மறுத்ததும் எழுத்தில் இருக்க வேண்டும். காரணம் எழுதிய மறுப்பு கிடைத்தால், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வேறு இடம், குறைந்த நேரம் என்று நிபந்தனையோடு அனுமதி கிடைப்பதும் உண்டு. சென்னையில் மாநகரக் காவல் சட்டம் 41-வது பிரிவின்படி 5 நாள் முன்பே கேட்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகவும் நாள் வேண்டுமே, அதனால் நான் 10 நாள் முன்பே கொடுத்துவிடுவேன். நகலில் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த இளைஞர்கள் நேற்று ஊதா சீலோடு வந்தார்கள். தேதி இல்லை. திருப்பி அனுப்பினேன்.

மனுவில் விவரத்தை விழுங்குவது

எத்தனை பேர், எந்த நேரம், மைக் உண்டா, பொறுப்பாளர் யார்: எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சாலையில் உட்கார்ந்துவிடுவது

டெல்லி ஷாகீன் பாக்கில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்த போராட்டம் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எதிர்ப்பு தெரிவிக்கலாம், பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது. பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. அவரையும் நம் பக்கம் நிற்கவிடுங்கள்.

கல்லெடுப்பவனைக் கண்டும் காணாமல் விடுவது

அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள்.