டம்மி டக்: மேசையில் மூன்று மணி நேரம், வீட்டில் ஆறு வாரம்

மல்லாந்து படுத்துப் பாருங்கள். நிற்கும்போது முன்னே தள்ளிய வயிறு, படுத்ததும் தட்டையாகிறதா? இல்லை, குடத்தைக் கவிழ்த்தது போல மேடாகவே நிற்கிறதா? மேடாக நின்றால் கொழுப்பு தசைச்சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி, விலகிய தசையைத் தைக்கும் டம்மி டக் அறுவை சிகிச்சை அதைத் தொடாது. எடையைக் குறைப்பதுதான் வழி. வயிறு தட்டையாகி, கையால் பிடித்தால் தோல் மடிப்பாக வருகிறது என்றால் இந்த அறுவை சிகிச்சை உங்களுக்குப் பொருந்தலாம்.

படுத்தபடியே முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் விரல்களை அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால், வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளும் கர்ப்பத்தில் விலகி, அப்படியே நின்றுவிட்டன. சிறிய இடைவெளியைப் பிசியோதெரபி ஓரளவு குறைக்கும். பிள்ளை பெற்றதும் துணியால் வயிறு கட்டுவது அந்த நாட்களில் தாங்கலாக இருக்கும், அவ்வளவுதான். விலகிய தசையை அது சேர்த்துவைக்காது.

அறுவை முழு மயக்கத்தில், சுமார் 2 முதல் 4 மணி நேரம் நடக்கும். பழைய சிசேரியன் தழும்பு இருக்கும் உயரத்தில், ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டுவார்கள். தோலையும் கொழுப்பையும் விலா வரை பிரித்துத் தூக்கி, விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுப்பார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் புதுத் துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். தொப்புளுக்குக் கீழே இருக்கும் பிரசவக் கோடுகள் பெரும்பாலும் வெட்டிய தோலோடு போய்விடும். மேலே இருப்பவை கீழே இறங்குமே தவிர மறையாது.

இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்தால் ஆபத்து என்பதல்ல, தைத்த தசை மறுபடி விரியும். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகைப்பவர் முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் நிறுத்தியாக வேண்டும், இதில் பேரமே கிடையாது. பிரித்துத் தூக்கிய தோலுக்கு ஏற்கனவே ரத்த ஓட்டம் குறைவு. நிகோட்டின் அதையும் சுருக்கினால், தொப்புளுக்கும் தழும்புக்கும் நடுவே தோல் கறுத்துச் செத்துப்போகும். ஆஸ்பிரின், வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து என எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போதைய பெயர் டிஆர்.என்.பி.) என்ற மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். அழகுக்காகச் செய்வதற்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. கூடவே தொப்புள் ஹெர்னியா இருந்தால், அந்தப் பகுதிக்காவது கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வருமுன் வீட்டைத் தயார் செய்யுங்கள். பாயில் படுத்து எழ முடியாது, கட்டில் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை சரிவராது; வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்கிவையுங்கள். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை, முழங்காலுக்குக் கீழே இரண்டு: இடுப்பு மடங்கினால்தான் தையல் இழுபடாது. முதல் வாரம், பத்து நாள் கூனித்தான் நடப்பீர்கள். நிமிர அவசரப்பட வேண்டாம். ஆனால் நடக்காமல் இருக்கவும் கூடாது. படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடும். அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நாலு அடி வைக்க வேண்டும். இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும்; முக்கக் கூடாது என்பதால் அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து கேளுங்கள்.

வயிற்றுத் தோலுக்கு அடியில் சேரும் நீரை உறிஞ்சி ஒரு சிறு டப்பாவில் சேர்க்கும் டிரெயின் குழாய் ஒன்றோ இரண்டோடு பலரை அனுப்புவார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலுக்கு அருகில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கை விரல்களால் குழாய்க்குள் அடைத்த ரத்தக் கட்டியைக் கீழ்நோக்கி உருவிவிடுங்கள். டப்பாவின் மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, நேரத்தோடு அளவை எழுதுங்கள். பிறகு டப்பாவை அமுக்கி, காற்று வெளியேறிய நிலையிலேயே மூடியைப் போடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: அமுக்காமல் மூடினால் உறிஞ்சும் விசை இருக்காது, நீர் உள்ளேயே தங்கிவிடும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்து, இரண்டு நாள் அப்படியே நின்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

குழாயை எடுத்த பிறகு, தட்டினால் தண்ணீர்ப் பை போல வயிறு குலுங்கினால் நீர் கோத்திருக்கிறது. இந்த அறுவையில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான். ஊசியால் உறிஞ்சுவார்கள், சிலருக்கு வாரம் ஒருமுறை என்று பலமுறை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டை ஆறு வாரம் போடச் சொல்வது வீக்கத்தையும் நீரையும் குறைக்கத்தான். மூச்சு முட்டும் அளவு இறுக்கினால் அதுவே தோலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும்.

அடிவயிறு மாதக்கணக்கில் மரத்திருக்கும். வெந்நீர்ப் பையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சுட்டுக் கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வலித்து வீங்குவது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி: எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகுவது, தோல் கறுப்பது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு 2, 3 வாரத்தில் போகலாம். ஐந்து கிலோவுக்கு மேல் ஆறு வாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் மட்டுமல்ல, இரண்டு வயதுக் குழந்தையும் அந்தக் கணக்கில்தான். உட்கார்ந்த பிறகு யாராவது மடியில் கொண்டுவந்து விடட்டும். வயிற்றுக்கான உடற்பயிற்சி மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மாலையில் உப்பும். சில மாதங்களுக்கு இது சகஜம். வடிவம் படிய 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். தழும்பு முதல் சில மாதம் இன்னும் சிவந்தோ கறுத்தோ தடித்து, பிறகுதான் மங்கத் தொடங்கும். காயம் முழுக்க மூடியதும் தழும்பின் மேல் சிலிக்கோன் ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரமாவது, மூன்று மாதம் ஒட்டலாம். காது குத்திய இடத்தில் கெலாய்டு, அதாவது புடைத்து வளரும் தழும்பு வந்தவர் அதை முதல் சந்திப்பிலேயே காட்டிவிட வேண்டும். தழும்பின் இரு ஓரத்திலும் தோல் சிறு மூட்டையாகத் துருத்தி நின்றால், அதுவும் படியக் காத்திருந்து, லோக்கல் மயக்கத்திலேயே சரிசெய்துவிடலாம். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதை முதல் பில்லுக்கு முன்பே கேட்டுவையுங்கள்.