மீட்டிங்கில் யார் பேசுவது?

புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு ஒரு குறிப்பு. சாஃப்ட்வேர் ரிலீஸ் சொதப்பினால் கிளையன்ட் முன்னால் நீங்கள் பேசுங்கள். நன்றாகப் போனால், வேலையைச் செய்தவரைப் பேசவிடுங்கள்.

1979 ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அடுத்த எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, தவான் கலாமையே பேசச் சொல்லிவிட்டார். கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம்தான் இது.

இதைச் சொல்பவர்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வெளியே பொறுப்பேற்றாலும், உள்ளே விசாரணை கறாராகவே நடந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்ததுவரை தோண்டி எடுத்தார்கள். நீங்களும் இரண்டு நாளுக்குள் ஒரு பக்க அறிக்கை எழுதவையுங்கள். “யார் செய்தது?” வேண்டாம், “எந்தச் சோதனை இதைப் பிடித்திருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். ஆளைத் தேடினால் அடுத்தமுறை தகவலே வராது.

வெற்றி நாளில் ஜூனியரைத் திடீரென்று மேடையேற்றாதீர்கள், பாவம். முந்தைய நாளே ஒரு ஒத்திகை, கிளையன்ட் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கைந்து. மீட்டிங்கில் பக்கத்தில் இருங்கள், ஆனால் மைக் மியூட்டில் இருக்கட்டும். அவர் தடுமாறினால் உடனே குறுக்கே விழாமல் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் அவரே சமாளித்துவிடுவார்.