உதவிப் பேராசிரியர் பணிக்கான சி.வி.: மதிப்பெண்ணைக் கெடுக்கும் தவறுகள்

உதவிப் பேராசிரியர் பணிக்கான விண்ணப்பத்தை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் உங்கள் ஆய்வின் ஆழத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் சான்றிதழோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார். நேர்முகத்துக்கு அழைப்பு வருமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். சரிபார்க்க முடியாதபடி எழுதுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பல்கலைக்கழகப் பணிக்கான முதற்கட்டத் தேர்வில் கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஓராண்டுக்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் மதிப்பெண்ணும் குறையும். ‘2019–2022’ என்று மட்டும் எழுதினால் தொடங்கியது ஜூனிலா டிசம்பரிலா என்று யாருக்குத் தெரியும்? அனுபவச் சான்றிதழில் உள்ளபடி நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். கௌரவ விரிவுரையாளர் பணி, முழுநேரப் பணி இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டாதீர்கள்.

அதிகம் சேதமாவது வெளியீட்டுப் பட்டியலில்தான். ஆய்விதழ்க் கட்டுரை, கருத்தரங்கத் தொகுப்பு, நூலில் ஓர் இயல் எல்லாவற்றையும் கலந்து ‘25 வெளியீடுகள்’ என்று போட்டால், எதை எண்ணுவது என்று தெரியாமல் சந்தேகம்தான் எழும். வகை பிரித்து, புதியதை மேலே வையுங்கள். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் எல்லா ஆசிரியர்களின் பெயரும் அச்சான வரிசையிலேயே இருக்க வேண்டும். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டலாம். முன்னுக்கு நகர்த்தவே கூடாது. தலைப்பு, இதழ், தொகுதி, இதழ் எண், ஆண்டு, பக்கங்கள், டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) எதுவும் விடுபடக் கூடாது. ‘பரிசீலனையில்’ இருப்பது வேறு, ‘ஏற்கப்பட்டது’ வேறு; ஏற்புக் கடிதம் கையில் இல்லாததை இரண்டாவதில் சேர்க்காதீர்கள். நல்ல இதழ்களின் பெயரையும், இதழுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐயும் திருடி நடத்தப்படும் போலித் தளங்களும் உண்டு. அப்படியொன்றில் வந்த கட்டுரை, மற்ற நல்ல கட்டுரைகளின் மீதும் ஐயத்தை வரவழைக்கும். யூ.ஜி.சி. ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான கேர் பட்டியல் 2025இல் நிறுத்தப்பட்டதால், ‘கேர் பட்டியல் இதழ்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், வெளியானபோது பட்டியலில் இருந்ததற்கான ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள்.

முனைவர் பட்டம் முடியாதவர்கள் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பதிவு செய்த நாள், ஆய்வுச் சுருக்கம் கொடுத்தாயிற்றா, ஆய்வேடு சமர்ப்பித்தாயிற்றா, வாய்மொழித் தேர்வு முடிந்ததா என்று எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களோ அதைத் தேதியோடு சொல்லுங்கள்.

நம் ஊரில் தலைவலி இனிஷியல். பட்டச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால், நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) சான்றிதழில் முன்னால், கட்டுரையில் அப்பா பெயர் முழுசாக. சி.வி.யில் பட்டச் சான்றிதழில் உள்ள வடிவத்தையே வையுங்கள். மற்ற வடிவங்களை ஒரு வரியில் குறிப்பிட்டு, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள ஆர்சிட் (ORCID) எண்ணையும் கொடுங்கள்.

இதே கோப்பைத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்புவது இன்னொரு தவறு. அங்கே இரண்டு பக்கம் போதும். அந்த வேலைக்கு உதவும் திறன்களும் அவற்றால் விளைந்த பலனும் முதல் பாதியிலேயே வர வேண்டும். கருத்தரங்கப் பட்டியல் வேண்டாம். மதம், சாதி, திருமண நிலை தேவையே இல்லை. விண்ணப்பங்களை மென்பொருள் வடிகட்டும் இடங்களில் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அமைப்பும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பும் சரியாகப் படிக்கப்படாமல் போகலாம். தமிழ்த் தலைப்புகளைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் அடுத்தவர் கணினியில் குப்பையாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றுங்கள். அனுப்புமுன் பி.டி.எஃப்.பிலிருந்து முழு எழுத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலைந்தாலோ எழுத்து உடைந்தாலோ கோப்பைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.