அமெரிக்க ஜனநாயகம் எங்கிருந்து முளைத்தது? மூல ஆவணங்களைப் படிக்க ஒரு வழி

அமெரிக்கத் தேர்தல் வந்தால் நம் பக்கம் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். 2016-இல் சுமார் 29 லட்சம் வாக்குகள் அதிகம் வாங்கியும் ஹிலாரி கிளின்டன் எப்படித் தோற்றார்? கிட்டத்தட்ட நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும், ஆறு லட்சத்தைக்கூடத் தொடாத வயோமிங்குக்கும் எப்படிச் சரிசமமாக இரண்டிரண்டு செனட்டர்கள்? விளக்கக் காணொளிகள் ஆயிரம் கிடக்கின்றன, ஆனால் மூல ஆவணங்களையே படித்துவிடுவது இன்னும் சுலபம். பெரும்பாலானவை சில பக்கங்கள்தான், எல்லாமே இணையத்தில் இலவசம். எந்த வரிசையில், என்ன கேள்வியோடு படிப்பது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் அரசமைப்புச் சட்டத்தையே எடுங்கள். நம்முடையதைப் போலத் தடிப் புத்தகம் இல்லை. ஏழே ஷரத்துகள், கையால் எழுதிய அசல் பிரதி நாலு பெரிய தாள்களில் அடங்கிவிட்டது. ஒரே மூச்சில் படியுங்கள், 'இதை ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதினார்கள்' என்று தோன்றும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். அந்தக் கோடுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், சண்டை நடந்த இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

அப்புறம் பின்னோக்கிப் போக வேண்டும். நேராக ஏதென்ஸுக்குப் போய்விடாதீர்கள். அமெரிக்கத் தலைவர்கள் கிரேக்க, ரோமானிய வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்கள்தான், ஆனால் ஏதென்ஸ் பாணி நேரடி ஜனநாயகம் என்றால் அவர்களில் பலருக்குப் பயம். 1619-இல், வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் தொடங்குங்கள். அந்தக் காலனியை நடத்திய வணிகக் கம்பெனி, குடியேற ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான், ஒரு சபையைக் கூட்ட அனுமதித்தது. ஜூலை இறுதியில் ஒரு தேவாலயத்துக்குள் 22 பிரதிநிதிகள் கூடினார்கள், வெயிலும் நோயும் தாங்காமல் சில நாளிலேயே கலைந்தார்கள். அடுத்த மாதமே அதே வர்ஜீனியாக் கரையில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து விற்றார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி வரும் ஒவ்வொரு ஆவணத்திலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

அடுத்து 1620-இன் மேஃப்ளவர் ஒப்பந்தம், ஒரு பத்திதான். கப்பல் போய்ச் சேர வேண்டிய இடத்தை விட்டு வடக்கே கேப் காட் பக்கம் ஒதுங்கிவிட, 'இங்கே எங்களை அதிகாரம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை' என்று சிலர் முணுமுணுக்க, அதை அடக்க 41 ஆண்கள் கையெழுத்துப் போட்ட தாள் அது. பலர் இதைச் சுதந்திர முழக்கமாகவே பேசுவார்கள், படித்துப் பார்த்தால் தொடக்கமே மன்னர் ஜேம்ஸுக்கு விசுவாசம் சொல்லித்தான்.

இதற்குப் பிறகு வரும் நூற்றைம்பது ஆண்டுகளைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். என்னைக் கேட்டால் வேர் இருப்பது அங்கேதான். ஒவ்வொரு காலனியிலும் ஒரு சபை உருவானது, பல இடங்களில் ராஜா அனுப்பிய ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கும் அதிகாரம் அந்தச் சபையின் கையில் இருந்தது. ஆளுநர் முரண்டு பிடித்தால் சம்பளம் நிற்கும். 1728-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் பர்னெட் நிரந்தரச் சம்பளம் கேட்டு மல்லுக்கட்டினார், சபை அசையவே இல்லை. இந்தப் பிடி புரிந்தால்தான் 1767-இல் காலனிகளின் இறக்குமதிப் பொருள்கள் மீது லண்டன் போட்ட டவுன்ஷெண்ட் வரிகளுக்கு ஏன் அவ்வளவு கொதிப்பு என்பது புரியும். வரித்தொகையைவிட, அந்தப் பணத்தில் ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் நேரடியாகச் சம்பளம் கொடுக்கத் திட்டம் என்பதுதான் அவர்களை உறுத்தியது. சபையின் கையிலிருந்த கடிவாளமே போய்விடும் அல்லவா?

1770-இல் மற்ற வரிகளை நீக்கிவிட்டுத் தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை, சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. கடனில் தத்தளித்த கம்பெனியைத் தூக்கிவிடப் போட்ட சட்டத்தால் தேயிலை விலை உண்மையில் குறையத்தான் இருந்தது. விலை ஏறியதால் கலகம் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.

இப்போது இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டத்தை எடுத்து, அமெரிக்காவின் எட்டாவது திருத்தத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிகையான ஜாமீன் கூடாது, மிகையான அபராதம் கூடாது, கொடூரமான தண்டனை கூடாது: ஏறக்குறைய வரிக்கு வரி அப்படியே இறங்கியிருக்கிறது. ராஜாவை எதிர்த்தவர்கள் ராஜாவின் நாட்டுச் சட்டத்தைக் கொண்டேதான் எதிர்த்தார்கள்.

சரி, 1776 சுதந்திரப் பிரகடனம். எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற புகழ்பெற்ற பத்தியை முதல் வாசிப்பில் தாண்டிவிடுங்கள். நடுவில் இருக்கும் குற்றச்சாட்டுப் பட்டியலைப் படியுங்கள். சபைகளைக் கலைத்தார், சட்டங்களுக்கு ஒப்புதல் தரவில்லை, நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டார் என்று, மேலே சொன்ன அதே புகார்கள் வரிசையாக வரும். அதன் பிறகு, பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் வரைவைத் தேடி, அடிமை வணிகத்துக்காக ராஜாவைத் திட்டும் பத்தியைப் பாருங்கள். காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரஸ் அதை அடித்துவிட்டது. எழுதியவரே வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோடினோஷோனி (ஐரோக்வா) என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பைப் பார்த்துத்தான் அரசமைப்புச் சட்டமே எழுதினார்கள் என்று ஒரு கட்சி, சம்பந்தமே இல்லை என்று இன்னொரு கட்சி. 1744-இல் லங்காஸ்டரில் கனசதேகோ என்ற அவர்களின் தலைவர், எங்களைப் போல நீங்களும் ஒன்றுசேருங்கள் என்று காலனிக்காரர்களிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது, அந்த உடன்படிக்கையை அச்சிட்டதே பெஞ்சமின் ஃபிராங்க்ளின்தான். ஆனால் அரசமைப்புச் சட்டத்தை எழுதிய 1787 கூட்டத்தின் விவாதக் குறிப்புகளில் அந்த முன்மாதிரியைக் காண்பது அரிது. தூண்டுதல் உண்டு, நகல் இல்லை என்பது என் கணிப்பு.

அடுத்து, அரசமைப்புச் சட்டத்தை எழுதிய இடம்: ஃபிலடெல்ஃபியா, 1787. இங்கே நிதானமாக இருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடந்த கூட்டம், ஆனால் வர்ஜீனியாப் பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் குறிப்பெடுத்தார், அவர் இறந்த பிறகு 1840-இல்தான் அது அச்சானது. முழுவதும் வேண்டாம், இரண்டு நாள் போதும். ஜூலை 16: மக்கள்தொகைப்படி ஒரு அவை, மாநிலத்துக்குச் சம வாக்கு என்று இன்னொரு அவை (செனட்) என்ற சமரசம் 5-க்கு 4 என்று மயிரிழையில் தப்பிப் பிழைத்தது. சம்மதம் இல்லாமல் எந்த மாநிலத்தின் சம வாக்கையும் பறிக்க முடியாது என்று ஐந்தாம் ஷரத்தில் பூட்டும் போட்டார்கள், வயோமிங் கேள்விக்குப் பதில் அதுதான். ஜூலை 19: மக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது நல்லதுதான், ஆனால் தெற்கே மக்களில் பெரும்பங்கு அடிமைகள், அவர்களை வைத்துத் தெற்கால் வாக்குக் கணக்கில் பலம் பெற முடியாது என்று மேடிசனே சொல்கிறார். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் கணக்கு பிரதிநிதிகள் அவைக்கும், அதன் வழியாக, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக ஒதுக்கப்படும் தேர்வாளர்களின் எண்ணிக்கைக்கும் போனது. நாடு முழுக்க வாக்கு அதிகம் வாங்கியும் இந்தத் தேர்வாளர் கணக்கில் தோற்கலாம், ஹிலாரி கேள்விக்குப் பதில் அதுதான். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே ஜனாதிபதி. அசல் சட்டத்தில் அடிமை என்று தேடினால் கிடைக்காது. முதல் ஷரத்தின் 2, 9 பிரிவுகளையும் நாலாம் ஷரத்தின் 2-ஆம் பிரிவையும் பாருங்கள், உங்கள் பென்சில் கோடுகளில் சில அங்கே இருக்கும்.

அரசமைப்புச் சட்டத்துக்கு மாநிலங்கள் ஒப்புதல் தருவதா என்று நடந்த விவாதத்தில் ஜெயித்தவர்களை மட்டும் படிக்காதீர்கள். மாசசூசெட்ஸில் 187-க்கு 168, நியூயார்க்கில் 30-க்கு 27. அவ்வளவு நெருக்கமான போட்டி. சட்டத்தை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-இல் பத்தாவதை எடுத்து, இவ்வளவு பெரிய நாட்டில் குடியரசு நிலைக்காது என்று வாதிடும் 'புரூட்டஸ்' புனைபெயர்க்காரரின் முதல் கட்டுரையோடு சேர்த்துப் படியுங்கள். 1791-இல் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்களுக்குத் தோற்றவர்களின் நச்சரிப்பு ஒரு பெரிய காரணம்.

இத்தனையும் முடித்த பிறகு, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ், சுதந்திர தினம் அடிமைக்கு என்ன என்று கேட்டு 1852 ஜூலை 5-இல் ராச்செஸ்டரில் ஆற்றிய உரை. அதற்கு முன்னால் படித்தால் பாதிதான் உறைக்கும்.

எங்கே கிடைக்கும்? யேல் சட்டப்பள்ளியின் அவலான் திட்டத்தில் பழைய ஒப்பந்தங்களும் மேடிசன் குறிப்புகளும் உண்டு, தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் தலைவர்களின் கடிதங்கள் உண்டு. ஸ்கேன் செய்த பழைய அச்சுப் பிரதிகளைத் தவிருங்கள், அதில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் போலவே இருக்கும், இரண்டு பக்கத்திலேயே தலைவலி வந்துவிடும். தட்டச்சு செய்த பிரதியே போதும்.