மானாவாரி நிலத்தில் மழையை மண்ணுக்குள் நிறுத்துவது எப்படி?

இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி உழவர்கள் பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, மறு ஆண்டின் தொடக்கத்திலேயே மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் மொத்த மழையளவு குறையாத ஆண்டிலும் பயிர் காய்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், பெய்யும் நாளில் மழை கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் அதே காற்று மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சுகிறது.

எனவே சித்திரையில் கோடை மழை கிடைத்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுதுவிட வேண்டும். ஒரு ஏக்கரில் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழை சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். சரிவின் போக்கிலேயே உழுத நிலத்தில் அது மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். டிராக்டர் ஓடி அடிமண் இறுகியிருந்தால், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அந்த இறுக்கத்தை ஆழமாகப் பிளக்கும் உளிக்கலப்பை ஓட்டுவது நல்லது. மணற்பாங்கான நிலத்துக்குக் கண்மாய் வண்டலைப் போலப் பயன் தருவது வேறில்லை. களி மிகுந்த கரிசலுக்கு வண்டலைவிட, ஆடுகளை இரவில் வயலில் அடைத்து எருவேற்றும் ஆட்டுக்கிடையே ஏற்றது.

பருவமழைக்கு ஓரிரு வாரம் முன்பே புழுதியில் விதைப்பவர்கள் ஆழத்தில் கவனம் வைக்க வேண்டும். சோளம் போன்ற விதையை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டால், மண் நன்றாக நனையும் மழைக்கே அது முளைக்கும். மேலாக விழுந்த விதை முதல் தூறலிலேயே முளைத்து, அடுத்த மழை தாமதமானால் கருகிவிடும். ஒரே பயிரை நம்பாமல் குதிரைவாலி, கம்பு, உளுந்து ஆகியவற்றில் நிலத்துக்கு ஏற்றதைத் தேர்ந்து, இடையிடையே துவரை வரிசை விடலாம்.

பண்ணைக்குட்டையை நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டுங்கள். கரிசலில் தண்ணீர் நிற்கும். செம்மண்ணில் களிமண் பூசவோ தார்ப்பாய் விரிக்கவோ வேண்டியிருக்கும். ஒரு ஏக்கருக்கு 25 மில்லிமீட்டர் அளவில் ஒருமுறை பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டர் தேவைப்படுவதால், குட்டை நீரை இளம்பயிரின் வாட்டத்துக்குச் செலவழித்துவிடாமல், பூக்கும் காலத்தில் மழை பொய்த்தால் பாய்ச்சுவதற்கென்று இருத்தி வையுங்கள்.