மூக்கு ஆபரேஷனில் நெஞ்சை மறந்துவிடாதீர்கள்

பினாங்கில் பிளாஸ்டிக் சர்ஜரி நர்ஸாக வேலை பார்த்த வருஷங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூக்கைச் சீரமைத்து, மயக்கம் தெளிந்ததும் நோயாளியின் கை மூக்குக்குப் போகாது. வலது மார்புக்குக் கீழேதான் போகும். "சிஸ்டர், மூக்கு பரவாயில்ல, இங்கதான் குத்துது" என்பார்கள். மூக்கை நிமிர்த்த விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுப்பதாக டாக்டர் சொல்லியிருப்பார், கையெழுத்தும் போட்டிருப்பார்கள். ஆனால் மனசில் மூக்கு மட்டும்தான் இருந்திருக்கும். பாதித் தவறுகளுக்கு இதுதான் காரணம்.

"காதிலேயே எடுத்துடுங்களேன்" என்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள். சின்னக் குறைக்குக் காது போதும். மோட்டார் விபத்திலோ, மூக்கில் முன்பு வைத்த சிலிக்கோன் சீழ் பிடித்து எடுத்த பிறகோ தண்டே உட்கார்ந்துபோன மூக்கை மெல்லிய காதுக் குருத்தெலும்பு தாங்காது. ஆறாவது, ஏழாவது விலாவில்தான் நீளமாகவும் உறுதியாகவும் கிடைக்கும். வயசாக ஆக அது சுண்ணாம்பேறி இறுகிப்போகும். அதனால் டாக்டர் முன்கூட்டியே சிடி ஸ்கேன் கேட்டால், செலவென்று தள்ளாதீர்கள்.

விலா இயல்பிலேயே வளைந்தது. நேராகச் செதுக்கினாலும் மறுபடி வளையப் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் சீவினால் உள்ளிருக்கும் இழுவிசை சமன் குலைந்துவிடும், இரு பக்கமும் சமமாகச் செதுக்க வேண்டும் என்று கிப்சன், டேவிஸ் என்ற மருத்துவர்கள் 1958-இலேயே எழுதினார்கள். செதுக்கியதை உடனே வைக்காமல், சலைன் என்ற உப்புநீரில் போட்டுக் காத்திருப்பதும் உண்டு. ஒருமுறை ஐஸ்கிரீம் குச்சிபோல் நேராக இருந்த துண்டு, அரைமணி நேரத்தில் தேங்காய்ப் பத்தைபோல் வளைந்ததைக் கிண்ணத்திலேயே பார்த்தேன். டாக்டர் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று செதுக்கினார். வெளியே குடும்பம் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று பதறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் வீண் இல்லை. வளைவு மாதங்கள் கழித்தும் தெரியவரலாம். மூக்கு நன்றாக இருக்கிறதே என்று அப்பாயின்ட்மென்டை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குக் கவலை அதிகம். வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை ஆழமாக இழுக்காமல் படுத்தே கிடப்பார்கள், நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமிப் பாருங்கள், எவ்வளவோ தேவலாம். விலாவுக்குப் பின்னால் மெல்லிய சவ்வு, அதை ஒட்டி நுரையீரல். சவ்வு கிழிந்திருக்கிறதா என்று தியேட்டரிலேயே தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்படியும், வீட்டில் திடீரென மூச்சு வாங்கினால் கோடாலித் தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

காது குத்திய இடம் தடித்து வளர்ந்தவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நம் தோலில், அதுவும் நெஞ்சில், கெலாய்டு தழும்பு எளிதில் வரும். பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பில் கீறுவது தழும்பை மறைக்கும். மூக்கைச் சிந்தாமல் இருப்பது, தண்டில் கண்ணாடி அழுந்தாமல் பார்ப்பது எல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கும்.

எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்தால் நெஞ்சும் ஆறிவிட்டது என்று நினைக்கிறோமே, அது சரியில்லை. கனமான வேலைக்குப் பல வாரங்கள் பொறுக்க வேண்டும். டிசம்பரில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தம்பி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். தையல் பிரிக்கும்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் ஆபரேஷன் தேதியையே தள்ளி வைத்திருக்கலாம். டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அந்த வருஷம் அவருடைய அம்மா பால்குடம் எடுத்தார். தம்பி வெறுங்கையோடு, ஒவ்வொரு படியாக நின்று நின்று, அம்மா பக்கத்தில் ஏறினார்.