'பிரேக் இன்' என்றால் உடனே 'பிரேக் அவுட்' என்று எழுதிவிடாதீர்கள்

'லாக் இன்' என்றால் 'லாக் அவுட்'. ஓட்டலுக்குப் போனால் 'செக் இன்', கிளம்பும்போது 'செக் அவுட்'. வாடகை வீட்டுக்குக் குடிபோவது 'மூவ் இன்', காலி செய்வது 'மூவ் அவுட்'. இப்படியே பழகிவிட்டதால், பலவந்தமாக அத்துமீறி நுழைவதைக் குறிக்கும் 'பிரேக் இன்' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டதும் கை தானாக 'பிரேக் அவுட்' என்று எழுதிவிடுகிறது. 'இன்' இருந்த இடத்தில் 'அவுட்' போட்டால் எதிர்ப்பொருள் வந்துவிடும் என்ற இந்த நம்பிக்கைதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' இரண்டுமே படிவத்தை நிரப்புவதைத்தான் குறிக்கும். 'கிவ் இன்' என்றால் பணிந்துபோவது. 'கிவ் அவுட்' என்றால் விநியோகிப்பது. இரண்டுக்கும் உறவே இல்லை.

'பிரேக் அவுட்' என்பது அடைத்து வைத்த இடத்திலிருந்து தப்பிப்பது, குறிப்பாகச் சிறையிலிருந்து. அதில் திசை மட்டும்தான் மாறுகிறது, பலவந்தம் அப்படியே இருக்கிறது. ஜன்னலை உடைத்துப் புகுந்த திருடன் நகையோடு வெளியேறியதைச் சொல்ல 'த தீஃப் புரோக் அவுட்' என்று எழுதினால், அவனை யாரோ அந்த வீட்டில் பூட்டி வைத்திருந்ததாக ஆகிவிடும். அங்கே 'காட் அவே' என்றோ 'மேட் ஆஃப் வித் த ஜுவல்ஸ்' என்றோ எழுத வேண்டும். போர் மூள்வது, தீப்பிடிப்பது, நோய் பரவத் தொடங்குவது ஆகியவற்றுக்கும் 'பிரேக் அவுட்' வரும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

எதிர்ச்சொல் தேடும் முன் எதைத் திருப்பிப் போடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். திசையையா, பலவந்தத்தையா, அனுமதி இல்லாததையா? அனுமதியோடு உள்ளே வந்தால் 'வாஸ் லெட் இன்'. வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்தால், திருடரை உள்ளே விடாமல் தடுப்பது 'கீப் அவுட்'. யாருக்கும் தெரியாமல் மெல்ல நுழைவதைச் சொல்லும் 'ஸ்னீக் இன்' என்பதைப் பலர் எதிர்ச்சொல்லாகத் தருகிறார்கள். அது பாதி சரி. சத்தம் போய்விட்டது, ஆனால் அனுமதி இன்னும் வரவில்லை. 'பார்ஜ் இன்' என்று தடதடவென நுழைவதற்கு எதிராக, ஓசையில்லாமல் நுழைவதைச் சொல்ல மட்டும் அது பொருந்தும்.

இந்த 'பார்ஜ் இன்' கதவை உடைப்பதல்ல. கேட்காமல், தட்டாமல் நுழைவது, அல்லது அடுத்தவர் பேச்சில் மூக்கை நுழைப்பது. இதற்கு 'பார்ஜ் அவுட்' எதிர்ச்சொல் ஆகாது. அனுமதி கேட்டு நுழைவதற்கு 'நாக் அண்ட் வெயிட்' என்று நேராகச் சொல்வதே நல்லது. தலையிடாமல் இருப்பதற்கு 'ஸ்டே அவுட் ஆஃப் இட்'. தள்ளி நிற்பதற்கு 'பேக் ஆஃப்'. இங்கே 'பேக் அவுட்' போடுகிறவர்கள் நிறையப் பேர். அது கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவது. அலுவலக மின்னஞ்சலில் 'ஐ வில் பேக் அவுட்' என்று எழுதினால், ஒப்புக்கொண்ட வேலையைக் கைவிடப் போகிறீர்கள் என்றுதான் மேலாளர் புரிந்துகொள்வார்.

'இன்–அவுட்' சூத்திரம் உண்மையிலேயே பலிக்கும் ஓர் இடம் 'பட் இன்', 'பட் அவுட்'. முன்னது குறுக்கே புகுவது, பின்னது விலகிக்கொள்வது. பொருள் சரி, தொனிதான் ஆபத்து. 'பட் அவுட்' என்பது 'உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ' என்ற அளவுக்குச் சூடானது. மூத்தவரிடம் வேண்டாம், 'ப்ளீஸ் லெட் அஸ் ஹேண்டில் திஸ்' போதும். இதற்கு நேர்மாறாக, 'சாரி டு பார்ஜ் இன்' என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது பணிவு. அதையே 'யூ பார்ஜ்டு இன்' என்று அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் குற்றச்சாட்டு.

பேச்சை இடைமறிக்கும் பொருளில் 'பிரேக் இன்' வந்தால், அதற்கு ஓர் அழகான எதிர்ச்சொல் உண்டு: 'ஹியர் அவுட்', அதாவது ஒருவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது. யாரைக் கேட்கிறோமோ அவர் நடுவில் வரவேண்டும். 'ஹியர் மீ அவுட்' சரி, 'ஹியர் அவுட் மீ' தவறு.

புதுச் செருப்பு காலைக் கடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்குவதும் 'பிரேக் இன்' தான். அங்கே எதிர்முனை 'வேர் அவுட்', தேய்ந்து போகும்வரை போடுவது. இதிலும் 'தெம்' நடுவில்தான்: 'பிரேக் தெம் இன்'. 'இன்' விட்டுப்போனால் செருப்பை உடைத்ததாகிவிடும். பழக்கப்படாத குதிரைக்கு 'அன்புரோக்கன்' என்ற சொல் இருக்கிறது. நமக்கு அது அதிகம் தேவைப்படாது.

எதிர்ச்சொல் சரியாக வந்தும் வாக்கியத்தில் கோட்டை விடும் இடங்கள் சில உண்டு. இடத்தின் பெயர் பின்னால் வந்தால் 'இன்' போதாது, 'இன்டு' வேண்டும்: 'புரோக் இன்டு த ஹவுஸ்'. இடம் சொல்லாவிட்டால் 'புரோக் இன்' மட்டும் போதும். எந்த வழி என்று சேர்க்க 'புரோக் இன் த்ரூ த விண்டோ'. செயப்பாட்டு வினையிலும் 'இன்டு' ஒட்டியே நிற்கும்: 'அவர் ஹவுஸ் வாஸ் புரோக்கன் இன்டு'. அது கடைசியில் அந்தரத்தில் தொங்குகிறதே என்று வெட்டிவிட்டால், காவல் நிலையப் புகாரில் வீடே இடிந்துவிட்டது போல ஆகும். பெயர்ச்சொல்லாக எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் நடுவே சிறு கோடு இடுங்கள். வினையாக வரும்போது அந்தக் கோடு வேண்டாம்.